சகாதேவனின் இரண்டாவது கோடு

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பௌர்ணமிதோறும் அங்கே சோறு போடுவார்கள். கொட்டகையின் முகப்பில் ஒரு பேனர். நடுவில் அண்ணாமலையார், அவருக்குச் சற்றே கீழே ஏறக்குறைய அவர் அளவிலேயே குழுத் தலைவர் அப்பாதுரை, மூலையில் மாலை போட்ட தசரதன். கீழே 'தசரதன் நினைவு அன்னதானக் குழு' என்று எழுதியிருக்கும். சமைக்கிற சகாதேவனின் படம் அதில் இல்லை. பத்து வருஷமாக அதைப் பற்றி அவர் கேட்டதுமில்லை.

சகாதேவனுக்கு ஐம்பத்தேழு வயது. பரம்பரை நிலத்தில் பாதி லாட்ஜாகிவிட்டது, மீதியில் மணிலாக் கடலை போடுகிறார். தொழில் கல்யாணச் சமையல். கீழ்பென்னாத்தூர்வரை அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்குக் காரணம் பௌர்ணமிச் சாம்பார். அது உலகத்திலேயே சிறந்த சாம்பார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். உலகத்தின் மற்ற சாம்பார்களை ஊரார் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்பதால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வந்தவன் அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றான் என்பது உண்மை. பசி முதல் முறையை விளக்கும். இரண்டாம் முறையை விளக்காது.

சம்பளமில்லாத அந்த வேலையில் சகாதேவனுக்கு இருந்த ஒரே உரிமை, கார்த்திகை தீபத்தன்று கொட்டகையின் முதல் அடுப்பைப் பற்றவைப்பது. அதற்காக அவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார். வேறு எதற்கும் அவர் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

பேனர் மூலையில் இருக்கும் தசரதனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் டாக்டர் இல்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் ஆறு வருஷம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, ஒரு சைக்கிளும் ஒரு தோல்பையுமாக ஊர் திரும்பியவர். பையில் ஒரு கண்ணாடி ஊசிக்குழல், இரண்டு ஊசி. காலையில் ஒரு தடவை அலுமினியக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கவைப்பார். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை, ஒவ்வொருவருக்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. காய்ச்சலுக்கு ஊசி, முதுகுவலிக்கு ஊசி, பரீட்சை பயத்துக்குக்கூட ஊசி. மாத்திரை கொடுத்து அனுப்பினால் சனங்கள் முகம் சுளித்தார்கள். குத்தினால்தான் வைத்தியம் என்பது ஊரின் தீர்மானம், தசரதன் அதை நிறைவேற்றினார். கைராசிக்காரர் என்று பெயர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வயிறு வீங்கிச் செத்துப்போனார். அதற்கு முன்னும் பின்னும் சுற்றுவட்டத்தில் ஆறேழு பேர் அப்படியே போனார்கள். குடித்தவர்கள் குடியால் போனார்கள் என்றது ஊர். குடிக்காதவர்களுக்கு யாரோ செய்வினை வைத்திருந்தார்கள். காரணங்களுக்கு அங்கே பஞ்சமே வந்ததில்லை.

*

குழுத் தலைவர் அப்பாதுரை பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். முத்திரை விழாத எதையும் அவர் நம்புவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு அவர் குழுவுக்கு ஒரு விதி கொண்டுவந்தார்: சோற்றைத் தொடுகிறவர்கள் எல்லோரும் மெடிக்கல் செக்கப் செய்துகொண்டிருக்க வேண்டும். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையிலேயே இலவச முகாம் ஏற்பாடானது. சர்க்கரை, பிரஷர், அதோடு கல்லீரலைத் தாக்கும் கிருமிக்கு அட்டைப் பரிசோதனை. விரலில் ஒரு சொட்டு ரத்தம், அட்டையில் ஒரு சொட்டு மருந்து, கால் மணி நேரம். ஒரு கோடு வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

யாரும் விரல் நீட்டவில்லை. போட்டோக்காரர் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"சகாதேவா, நீ மொதல்ல கைய நீட்டு," என்றார் அப்பாதுரை. "உன்ன பாத்து நாலு பேரு வருவாங்க."

சகாதேவன் நீட்டினார். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். அவரைப் பார்த்து நாலு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து அட்டையில் இரண்டு கோடு தெரிந்தது. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை ஞாபகம் வந்தது.

அட்டையைப் பார்த்த லேப் பையன் குனிந்து, "அண்ணா, ஒருதடவ பெரியாஸ்பத்திரிக்கு வந்து டாக்டர பாத்துடுங்க," என்று காதோடு சொன்னான். அந்த ரகசியம் டீக்கடைவரை கேட்டது. அங்கே ஒருவர், "ரெண்டு கோடுன்னா நல்ல சேதிதானே, எத்தனாவது மாசமாம்?" என்று கேட்டு, அந்த வாரம் முழுக்க அதற்காகப் பாராட்டப்பட்டார்.

அப்பாதுரை சகாதேவனின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சளே இல்லியே."

"எனக்கு ஒண்ணும் பண்ணலண்ணா. நல்லாத்தான் கீறேன்."

"அதான் டேஞ்சர். ஒளிஞ்சிக்கினு கீது." கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். "நெகட்டிவ்னு வர்ற வரைக்கும் நீ அடுப்பாண்ட வராத. தப்பா எடுத்துக்காத. ஆயிரம் பேரு சாப்புடற எடம்."

சகாதேவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஆதிலட்சுமிதான் தப்பாக எடுத்துக்கொண்டாள்.

"சாம்பாரு கொதிக்கிறதுல எந்தக் கிருமி உசுரோட இருக்குமாம்? கேட்டியா நீ?"

"அவரு தலைவரு."

"தலைவருன்னா வெந்ததும் வேவாததும் தெரியாதா?"

திருவண்ணாமலையில் நோய்க்கு மருந்து கிடைக்காமல் போகலாம், ஆலோசனை கிடைக்காமல் போகாது. அந்த வாரம் சகாதேவனுக்குப் பதினோரு வைத்தியம் சொல்லப்பட்டது. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடி. உப்பை விடு. எண்ணெயை விடு. தாளிக்கிற வாசனைகூட ஆகாது, தொழிலை விடு. கிரிவலப் பாதையில் இருபது வருஷமாகத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் கல்லீரல் என்பதே ஒரு எண்ணம்தான் என்றார். அது சகாதேவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆனால் என்ன சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. செங்கம் ரோட்டில் காமாலை இறக்குகிறவர் ஒருவர் சகாதேவனின் கையில் எதையோ தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் மஞ்சளானது. "பாத்தியா, எறங்குது," என்றார். ஆதிலட்சுமி தன் கையையும் நீட்டினாள். அவள் கையிலிருந்து இன்னும் ஜாஸ்தியாக இறங்கியது. இருவரும் பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

*

டாக்டர் நந்தினிக்கு முப்பது வயதிருக்கும். பேசும்போது நேராகப் பார்த்துப் பேசினார்.

"இது நீங்க நெனைக்கிற மஞ்சள் காமாலை இல்லைங்க. ஹெபடைட்டிஸ் சி. கண்ணுல தெரியாது. இருபது முப்பது வருஷம் கல்லீரல்ல சத்தமில்லாம இருந்து, கொஞ்சம் கொஞ்சமா தழும்பாக்கும். கடைசில வயித்துல தண்ணி கோத்துக்கும், சில பேருக்குப் புத்துநோயும் வரும்."

"அப்போ எனக்கு வந்துடுச்சா?"

"அட்டை வெச்சு அதைச் சொல்ல முடியாது. எப்பவோ ஒருநாள் அந்தக் கிருமி உள்ள வந்துச்சுன்னு மட்டும்தான் அட்டை சொல்லும். இப்போ இருக்குதான்னு பாக்க வேற டெஸ்ட் இருக்கு. ரத்தம் எடுத்து அனுப்புறேன்." பேனாவை எடுத்தார். "ரத்தம் ஏத்தியிருக்கீங்களா? ஆபரேஷன்? பச்சை குத்தினது?"

"இல்லைங்க."

"ஊசி?"

சகாதேவன் யோசித்தார். தசரதனைப் பற்றிச் சொன்னார். கண்ணாடிக் குழல், இரண்டு ஊசி, ஸ்பிரிட் பஞ்சு. டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"அவர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க இன்னும் எத்தனை பேரு இருப்பாங்க?"

"ஊரேங்க."

"அவங்க எல்லாரையும் ஒருதடவ டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்க."

சகாதேவன் சரியென்று தலையாட்டினார். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லி அவள் உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. கிருமி இருந்தது, லட்சக்கணக்கில். கல்லீரலில் தழும்பு கம்மி, நல்ல காலத்தில் வந்திருக்கிறார் என்றார் டாக்டர். ஆதிலட்சுமிக்கு ஒரே கோடு.

"தினமும் மாத்திரை, பன்னெண்டு வாரம். எண்பத்தி நாலு நாள். கவர்மென்ட்டே குடுக்குது, பணம் வேண்டாம். ஒரு நாள்கூட விடக்கூடாது. தினமும் ஒரே நேரத்துல போடுங்க. சாராயம் தொடாதீங்க, நாட்டு மருந்தும் இப்போதைக்கு வேண்டாம்."

"ஊசி?"

"ஊசி கிடையாது."

சகாதேவனின் முகம் விழுந்தது. "ஊசியே இல்லாம எப்பிடிங்க போவும்?"

"ஊசியால வந்தது, மாத்திரையால போகும். நூறு பேருக்குக் குடுத்தா தொண்ணூத்தஞ்சு பேருக்காவது போயிடுது."

"சமைக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்க வந்தது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் டாக்டரின் கேள்விகள்.

"தாராளமா. சாப்பாட்டுல பரவாது, தண்ணியில பரவாது, தொட்டாலும் பரவாது. ரத்தத்துல மட்டும்தான். சவரம் பண்ற பிளேடை யாருக்கும் குடுக்காதீங்க."

அன்றே ஆதிலட்சுமி அவர் செல்போனில் காலை எட்டு மணிக்கு அலாரம் வைத்தாள். நாதஸ்வரம். கல்யாண வீட்டு மனுஷனுக்கு அதுதான் பொருத்தம் என்றாள்.

*

டாக்டர் சொன்னதை சகாதேவன் ஒரு எழுத்து விடாமல் அப்பாதுரையிடம் போய்ச் சொன்னார். அது அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு.

"தசரதனையா சொல்ற?" அப்பாதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பஸ் இல்லாத காலத்துல, மழையில சைக்கிள் மிதிச்சி வந்து ஊருக்கு உசுரு குடுத்தவரு. அவரு பேருல சோறு போடுறோம். அந்தச் சோத்த ஆக்கினு, அவரையே சொல்றியா?"

"நான் சொல்லலண்ணா. டாக்டரம்மா எல்லாரையும் ஒருதடவ பாக்கச் சொன்னாங்க."

"எனக்கே நூறு ஊசி போட்டிருப்பாரு. எந்தம்பிக்கு எரநூறு. இன்னா ஆயிடுச்சி எனக்கு?"

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று சகாதேவன் கேட்கவில்லை. தம்பி எட்டு வருஷத்துக்கு முன்னால் வயிறு வீங்கிப் போனவர்களில் ஒருவர். செய்வினைப் பட்டியலில் சேர்ந்தவர்.

சித்ரா பௌர்ணமி வந்தது. டவுனிலிருந்து வேறொரு சமையல்காரர் வந்தார். ஒரே கோடு. கையுறை, தலைக்கு உறை, வாய்க்கு உறை. பார்ப்பதற்கு ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி இருந்தார், சாம்பாரும் பிழைக்கவில்லை. "சுத்தமான சாம்பார்," என்று அப்பாதுரை மைக்கில் சொன்னார். சுத்தம் ஒரு ருசி அல்ல என்பதை அன்று பல ஆயிரம் பேர் தெரிந்துகொண்டார்கள். இரண்டாம் முறை யாரும் வரிசையில் நிற்கவில்லை. நிர்வாகம் சுலபமாகிவிட்டது என்று குழுவில் திருப்தி தெரிவிக்கப்பட்டது.

கல்யாண வேலைகளும் நின்றன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதி தள்ளிப்போகிறது என்றார்கள். தள்ளிப்போன தேதியில் கல்யாணம் நடந்து, மொய்க்கு மட்டும் பத்திரிகை வந்தது. ஒரு காதுகுத்தில் எல்லோருக்கும் வாழை இலை போட்டு, சகாதேவனுக்கு மட்டும் காகிதத் தட்டு வைத்தார்கள். அவர் அதில் சாப்பிட்டார். ரசத்தில் புளி தூக்கல் என்று மட்டும் வீட்டுக்கு வந்து ஆதிலட்சுமியிடம் சொன்னார்.

தினமும் எட்டு மணிக்கு நாதஸ்வரம் வாசித்தது. எண்பத்தி நாலு நாள், ஒரு நாள் விடாமல். இத்தனை ஒழுங்காக அவர் சாமிகூடக் கும்பிட்டதில்லை. ஆனி மாதம் மாத்திரை முடிந்தது. முடிந்ததும் பார்க்கக் கூடாது, இன்னும் பன்னிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டாக்டர். பொறுத்தார். புரட்டாசியில் ரத்தம் கொடுத்தார். காகிதம் வந்தது.

"போயிடுச்சுங்க," என்றார் டாக்டர். "குணமாயிட்டீங்க."

"இதுல ஒரு முத்திரை போட்டுக் குடுங்கம்மா."

"போட்டிருக்கே."

"இன்னொண்ணு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் போட்டுக் கொடுத்தார்.

*

அப்பாதுரை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காகிதத்தை மூன்று தடவை படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்கு மரியாதை வந்தது. மரியாதை வந்ததால் சந்தேகமும் வந்தது.

"கிருமி கண்டுபிடிக்கப்படவில்லைன்னுதான் போட்டிருக்கான். இல்லைன்னு போடல. திருடன போலீஸ்காரன் கண்டுபிடிக்கலன்னா, திருடனே இல்லன்னு அர்த்தமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. இல்லை என்பதை நிரூபிக்கச் சொல்வது எப்போதும் வசதியான வாதம், கேட்கிறவருக்குச் செலவே இல்லை.

"எந்த டெஸ்ட்டுல பாஸ் ஆவலியோ அந்த டெஸ்ட்டுல பாஸ் ஆவணும்," என்றார் அப்பாதுரை. "அதான் முறை." வேலூருக்கு ஆள் அனுப்பி ஒரு டப்பா அட்டை வாங்கிவரச் செய்தார். டப்பாவில் ஐந்து இருந்தது. ஐப்பசி முதல் வாரம், குழு முழுவதும் கொட்டகையில் கூடி உட்கார்ந்திருக்க, சகாதேவன் மறுபடி விரலை நீட்டினார். கால் மணி நேரம் ஆனது.

இரண்டு கோடு.

ஆதிலட்சுமி ஆண்கள் கூட்டம் என்று பார்க்காமல் உள்ளே வந்தாள்.

"இன்னொரு தடவ, நூறு தடவ பாத்தாலும் ரெண்டு கோடுதான் வரும் மாமா. டாக்டரம்மா மொதல் நாளே சொன்னாங்க. ஒடம்பு கிருமியோட சண்ட போட்ட தடம் அது. கிருமி செத்தாலும் தடம் இருக்கும். சாவற வரைக்கும் இருக்கும்."

"தடம் இருந்தா கால் இருக்கும்மா."

"மலைமேலேருந்து கொப்பரைய எறக்கினு வர்றாங்களே, உள்ள மை இருக்குது இல்ல? நெத்தியில இட்டுக்குறீங்களே? மை இருக்குது, அதனால மலைமேல தீபம் இன்னும் எரியுதுன்னு சொல்லுவீங்களா?"

குழுவில் இரண்டு பேர் தலையசைத்துவிட்டார்கள். அப்பாதுரை மட்டும் அசைக்கவில்லை.

"அது சாமி விஷயம். இது மெடிக்கல் விஷயம். ரெண்டையும் கலக்கக் கூடாது," என்று அண்ணாமலையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார். தீபத்துக்கும் டவுன் சமையல்காரரையே வைப்பது என்று தீர்மானமானது.

சகாதேவன் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. ஆதிலட்சுமி கேட்டதற்கு, "எட்டு மணிக்கு எழுந்து முழுங்க ஒண்ணும் இல்ல. எதுக்கு எழுந்திரிக்கிறதுனே தெரியல," என்றார். கிருமியோடு முப்பது வருஷம் நன்றாக இருந்தவர், குணமான பிறகுதான் நோயாளி மாதிரி ஆனார்.

டப்பாவில் மிச்சமிருந்த நாலு அட்டையை அப்பாதுரை தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

*

பூட்டிய பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அது பீரோவில் இருக்காது, பூட்டியவன் தலையில் இருக்கும். பத்து நாள் கழித்து, வெயில் ஏறிய மத்தியானத்தில், தெருப் பக்கம் வராமல் மணிலாக் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு அப்பாதுரை சகாதேவன் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். ஆதிலட்சுமி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சகாதேவன் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார்.

"இப்பிடி வந்தேன்," என்றார் அப்பாதுரை.

"அந்தப் பக்கம் வழியே இல்லியே மாமா, முள்ளுதானே?"

"ஒரு விஷயம் கேக்கலாம்னு. எனக்கு ஒரு சிநேகிதரு. போளூர்ல. அவருக்கு... சும்மா, ஒரு ஆசைக்கி அட்டையில பாத்துக்கினாரு."

ஆதிலட்சுமி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எத்தன கோடாம் அவருக்கு?"

"ரெண்டு மாதிரி தெரியுதாம். வெளிச்சம் சரியில்லனு சொல்றாரு."

"வெளிச்சத்துல பாக்கலாமே."

"வெளிச்சத்துலயும் பாத்தாராம்." அப்பாதுரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மூணு அட்டையிலயும் பாத்தாரு."

சகாதேவன் எழுந்து உட்கார்ந்தார். அப்பாதுரையின் கை, அவருக்கே தெரியாமல், வேட்டி மடிப்புக்கு மேலே தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு சகாதேவனுக்குச் சொல்ல வேண்டியிருந்த எந்த வார்த்தையும் சொல்ல வரவில்லை. ஆதிலட்சுமிக்கு வந்தது.

"அந்தச் சிநேகிதருக்குத் தம்பி யாராவது வயிறு வீங்கிப் போனாங்களா மாமா?"

அப்பாதுரை முட்டியில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட சொல்லுங்கண்ணா," என்றார் சகாதேவன். "பயப்பட ஒண்ணும் இல்ல. கோடு வெச்சி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ரத்தம் அனுப்பிப் பாக்கணும். இருந்தாலும் மாத்திரைதான். எண்பத்தி நாலு நாளு. எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. நானே கூட்டினு போறேன்."

"அவரு கொஞ்சம் கூச்சப்படுற ஆளு."

"அவரு கூச்சம் எங்களுக்குத் தெரியும் மாமா," என்றாள் ஆதிலட்சுமி. "வர்ற செவ்வாக்கெழம எட்டு மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்க. போளூர்லருந்து எப்பிடியோ வந்துடட்டும். அதுக்கு முன்னாடி குழுவுல அந்தக் கோடு விஷயத்த நீங்க சரியா எடுத்துச் சொல்லிடுங்க. சொல்லலன்னா பஸ் வராது."

*

திங்கட்கிழமை குழு கூடியது. அப்பாதுரை அரை மணி நேரம் பேசினார். அட்டையில் தெரியும் கோடு நோயல்ல, உடம்பு நடத்திய யுத்தத்தின் தடம் என்றார். யுத்தம் முடிந்ததா என்பதை ரத்தத்தில் கிருமியைத் தேடும் வேறொரு பரிசோதனைதான் சொல்லும் என்றார். சாப்பாட்டால் பரவாது என்பதைப் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள் என்றார். கடைசியில், கொப்பரையில் மை இருப்பதால் தீபம் எரிகிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த உவமை அவருடையது என்று அடுத்த நாளிலிருந்து ஊரில் வழங்கலாயிற்று.

"அன்னிக்கி திருடன், போலீசுன்னு சொன்னீங்களே," என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

"அது அப்போ. சயின்ஸ் மாறிக்கினே இருக்கும். நாமளும் அப்டேட் ஆவணும்."

சகாதேவனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கரண்டி மட்டும் திரும்பி வந்தது. எட்டு மாதம் அவரை நிற்கவைத்த விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. மனிதர்களுக்கு நியாயம் புரிவதற்கு நியாயம் மட்டும் போதுவதில்லை, அது அவர்கள் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. இதில் வருத்தப்படலாம். ஆச்சரியப்படுவதற்கு இடமில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போளூர்ச் சிநேகிதர் வரவில்லை. அப்பாதுரை துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு தனியாக வந்து, சகாதேவனுக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் பதிவேட்டுக்கு முன்னால் அவர்கள் முறை வந்தது.

"பேரு?" என்றாள் எழுதுகிற பெண்.

அப்பாதுரை சகாதேவனைப் பார்த்தார். முப்பது வருஷம் மற்றவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியவர்.

"அப்பாதுரை," என்றார்.

டாக்டர் நந்தினி அதே கேள்விகளைக் கேட்டார். ஊசி என்றதும் அப்பாதுரை தசரதன் பெயரைச் சொல்லவில்லை. "ஊர்ல ஒருத்தரு," என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சகாதேவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பேனர்ல அவரு படத்த என்னா பண்றது?" என்று கேட்டார்.

"இருந்துட்டுப் போவட்டும்ணா. அவரா வந்து குத்தினாரு? நாமதானே சட்டையத் தூக்கினு நின்னோம்."

அடுத்த செவ்வாய்க்கிழமைகளில் அந்த எட்டு மணி பஸ்ஸில் துண்டால் முகம் மூடியவர்கள் இன்னும் சிலர் தெரிந்தார்கள்.

*

கார்த்திகை தீபத்தன்று விடிந்ததும் சகாதேவன் முதல் அடுப்பைப் பற்றவைத்தார். எட்டு மணிக்குள் முதல் கொப்பரைச் சாம்பார் இறங்கிவிட்டது. மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. பாதையில் சனம் நெரிந்தது. அப்பாதுரை புதுச் சட்டையில், மைக்குக்குப் பக்கத்தில், முதல் கரண்டி பரிமாறத் தயாராக நின்றிருந்தார்.

எட்டு மணிக்கு அவர் சட்டைப் பையில் நாதஸ்வரம் வாசித்தது.

அப்பாதுரை சட்டென்று போனை அமுக்கினார். "ராங் நம்பர்," என்றார், யாரும் கேட்காமலேயே.

அவர் சொல்லி முடிக்குமுன் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவரின் இடுப்பில் ஒரு மணி அடித்தது. அன்று முகாமில் சகாதேவனுக்குப் பின்னால் நின்று வேலை ஞாபகம் வந்து போன நாலு பேரில் ஒருவர் அவர். "ராங் நம்பர்," என்றார். தண்ணீர் ஊற்றுகிறவரிடம் ஒரு பாட்டு ஒலித்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த எல்லம்மாள் முந்தானை முடிச்சுக்குள்ளிருந்து ஒரு கோழி கூவியது. டீக்கடையில் எத்தனாவது மாசம் என்று கேட்டவர் இலை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் போன் வைப்ரேஷனில் இருந்தது, ஆனால் அதைத் தகர மேஜைமேல் வைத்திருந்தார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வரிசையின் முன்னால் தட்டோடு நின்ற கிரிவலக்காரர், இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ராங் நம்பர் வருகிறதே என்பதுபோல் பார்த்தார்.

சகாதேவனின் போனில் மட்டும் ஒன்றும் அடிக்கவில்லை. அவர் கரண்டியைக் கொப்பரையின் விளிம்பில் சாய்த்துவைத்தார். முகர்ந்து பார்த்துப் பெருங்காயம் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்:

"காச்சி ஆற வெச்ச தண்ணி அந்தப் பானையில இருக்குது. டம்ளரும் அஞ்சு வெச்சிருக்கேன்."